தூணக்காவின் நாற்பது நிமிடம்

முதலில் அவளுக்கு ஒரு தூண் வேண்டும். கம்ப்யூட்டரில் எந்த விளையாட்டு ஓடினாலும் சரி, துப்பாக்கியோடு நான்கு பேர் துரத்தினாலும் சரி, அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் ஒரு தூணையோ விளக்குக் கம்பத்தையோ தேடிப் போய் அதன் முன்னால் நிற்பாள். பிறகு மவுஸை இடமும் வலமுமாக ஆட்டுவாள். தூண் நேராக நகர்ந்தால் நலம். நடுவில் வெட்டுப்பட்டு மேல் பாதி ஓரிடமும் கீழ்ப் பாதி ஓரிடமுமாக விலகினால், "பாத்தீங்களா, கிழியுது" என்பாள். அதற்குள் துரத்தி வந்தவர்கள் அவளைச் சுட்டுத் தள்ளியிருப்பார்கள். "செத்தா என்ன, நோய் தெரிஞ்சுதுல்ல?" என்று அடுத்த வேலையைப் பார்ப்பாள். அப்படி வந்த பெயர்தான் தூணக்கா.

என் கட்டடத்தின் முதல் மாடியில் அவளுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கட்டடம் என்னுடையது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தோளில் இன்வெர்ட்டர் பாட்டரி சுமந்து வீடு வீடாகப் போட்டவன். இன்று கீழே பாட்டரிக் கடை, மேலே மூன்று மாடி, ஒரு செங்கல்கூட அப்பன் பாட்டன் வைத்ததில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்பார்கள். இவள் வந்த அன்று கேட்ட ஒரே கேள்வி, "கரண்ட் போனா எத்தன நொடில பாட்டரி எடுத்துக்கும்?" ஆளை எனக்குப் பிடித்துப்போனது.

வயது முப்பத்தைந்து இருக்கும். காதில் ஒரு பக்கம் திருப்புளி செருகியிருக்கும். மேசையில் ஏழு மானிட்டர்கள், தூசி தட்ட ஒரு பெயின்ட் பிரஷ், படம் ஓடுவதை மெதுவாக்கிப் பார்க்க ஸ்டாண்டில் ஒரு போன். பேசும்போதும் சாப்பிடும்போதும் வலது கை மவுஸை விட்டு இறங்காது. படம் நன்றாகத்தானே தெரிகிறது என்று யாராவது சொன்னால், "அசையாத படம் கிழியாதுங்க. அசைச்சாத்தான் வெளிய வரும்" என்பாள்.

அது ஏன் கிழிகிறது என்று ஒருநாள் கேட்டேன். கேட்க வெட்கப்படுகிறவன் முன்னுக்கு வரமாட்டான்.

"ரெண்டு பேர் ஒரு கட்டில தூக்கிட்டுப் போறாங்கன்னு வைங்க ஐயா. உள்ள இருக்குற கார்டு படத்த வரைஞ்சு வரைஞ்சு குடுக்குது. மானிட்டர் அத வாங்கி வாங்கிக் காட்டுது. ஒருத்தர் ஓடி ஒருத்தர் நடந்தா என்னாகும்?"

"கட்டில் கோணும்."

"அவ்ளோதான். ரெண்டு பேரையும் ஒரே நடைக்குக் கொண்டுவர்றதுதான் என் பொழப்பு."

நோய் பெரும்பாலும் அற்பமாகத்தான் இருக்கும். கண்ணாடி போட்ட ஒரு வங்கிக்காரர் புது மானிட்டரைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். வினாடிக்கு நூற்று நாற்பத்துநாலு முறை படம் மாற்றுகிற உயர்ந்த சரக்கு. அவள் செட்டிங்ஸைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"சார், வாங்கி எத்தன நாளாச்சு?"

"ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா அறுபதுலதான் ஓட்டிருக்கீங்க. மாத்தவே இல்ல."

"இருக்காதும்மா! வாங்குன அன்னிக்கே வித்தியாசம் வெண்ணெய் மாதிரி தெரியுதுன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேனே!"

"இன்னிக்குப் போய்ப் பாருங்க சார். ஆபீஸ்ல மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க."

இன்னொருவர் விலையுயர்ந்த கார்டை வாங்கி மாட்டிவிட்டு, மானிட்டர் வயரை மட்டும் பழைய ஓட்டையிலேயே செருகி வைத்திருந்தார். கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது தூணக்கா அல்ல, நான். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன், புது ஓட்டை காலியாக இருந்தது. ஐந்தாம் வகுப்புக் கண் போதும்.

எல்லார் இயந்திரத்தையும் பத்து நிமிடத்தில் சரிசெய்கிறவளுக்கு, கைக்கு எட்டாத இயந்திரம் ஒன்று உண்டு. அவள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை பார்க்கிறார். போய்ப் பதினொரு மாதம். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது மட்டும் இணையம் கிடைக்கும், அதுவும் ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் நடுவில் நாற்பது நிமிடம். மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் அதுவும் இல்லை. அந்த நாற்பது நிமிடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். இரண்டு பேர் ஒரு படகைத் தலையில் சுமந்து மலையேறி, அந்தப் பக்கம் இறங்கிக் கடலில் விட வேண்டும். ஒருவர் கால் தடுமாறினால் படகு உருண்டு அடிவாரத்துக்குப் போய்விடும். ஏழு மாதமாக அதே மலை. அவருடைய பழைய லேப்டாப் பாதி மலையில் திக்கித் திணறும், படகு விழும், நேரம் முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கடை இன்வெர்ட்டர், பாட்டரி போய்விட்டதென்று கூவியது. கடைக்கு விடுமுறைதான், ஆனாலும் நானே மாற்றிக் கொடுத்தேன். பதினொரு மணிக்குக் கப்பலிலிருந்து போன் வந்தது. கிளம்பப் பார்த்தேன்.

"இருங்க ஐயா. கரண்ட் போனா நீங்க வேணும்" என்றாள். உட்கார்ந்தேன்.

"சார்ஜர் போட்டிருக்கீங்களா?"

"போட்டாச்சுடி."

"லேப்டாப் அடியில பாட்டில் மூடி?"

"நாலு மூலைக்கும் நாலு. காத்து நல்லாப் போகுது. அறைதான் அடுப்பா இருக்கு."

"ஓரத்துல வேகம் எவ்ளோ காட்டுது?"

"அம்பது... இல்ல, பதினெட்டு. திரும்ப அம்பது."

இரண்டு முறை ஏறினார்கள், இரண்டு முறையும் படகு விழுந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினாறு நிமிடம் போய்விட்டது. வாடிக்கையாளர் என்றால் இன்னும் முப்பது கேள்வி கேட்டிருப்பாள். அன்று கேட்கவில்லை.

"நிழல எடுத்துடுங்க. புல்ல எடுங்க. இலை, மேகம் எல்லாத்தையும் எடுங்க. தண்ணியும். லேப்டாப்புக்கு வரையுற சுமை கொறையட்டும்."

"காடே போச்சேடி!"

"காடு பாக்கவா வந்தோம்? வேகத்த முப்பதுல பூட்டுங்க. ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம்."

சொல்லிக்கொண்டே தன் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொன்றாக எடுத்தாள். இருநூறு ஓடுகிற இயந்திரம் அது, அதன் பாட்டரியே நான் போட்டதுதான். அதையும் முப்பதில் பூட்டினாள்.

"உனக்கு எதுக்கும்மா?"

"பாறைக்கு இடது பக்கம்னு அவர் சொன்னா எனக்கும் அந்தப் பாறை தெரியணும்ல ஐயா. என் புல்லு மறைக்குது."

திரையில் மொட்டை மலை, சாம்பல் வானம், படகு சுமந்த இரண்டு ஆட்கள். ஆனால் நடை திக்கவில்லை. ஏறினார்கள். எப்போதும் விழுகிற பாதி மலையையும் தாண்டினார்கள்.

"இங்க பாரு, கோவிச்சுக்காத" என்றது போன். "எனக்கு மாத்து ஆள் வரலியாம். இன்னும் நாலு மாசம்."

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் மவுஸை ஒரு மயிரிழை நகர்த்தி நிமிர்த்தினாள்.

"இடது கால எடுத்து வைங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உச்சிக்குப் போனபோது மூன்று நிமிடம் மீதம். மறுபக்கம் மட்டமாக ஒரு சாம்பல் தரை கிடந்தது.

"கடல் எங்கடி?"

"நான்தான எடுக்கச் சொன்னேன்."

போனில் அவர் சிரித்தார். "பரவால்ல. நான் தெனமும் பாக்குறதுதான். நீ தெரியுற, அது போதும். எறங்கலாமா? ஒண்ணு, ரெண்டு—"

குரல் அறுந்தது. போனை எடுத்து இரண்டு முறை அழைத்தாள். போகவில்லை.

திரையில் அவருடைய ஆள் இன்னும் நின்றிருந்தான், படகின் முன்பக்கம் தலையில் இருந்தது. "லைன் போனா ஒரு நிமிஷம் அப்படியே நிக்கும் ஐயா. அப்புறம் கேமே அவர் ஆள அழிச்சுடும்" என்றாள். குரல் கடையில் பேசுகிற குரலாகத்தான் இருந்தது.

பிறகு, அவள் இங்கே கடை போட்ட மூன்று வருடத்தில் நான் பார்க்காத ஒன்றைச் செய்தாள். மவுஸிலிருந்து கையை எடுத்தாள். விரல் பட்டுப் படம் அசைந்துவிடாதபடி மெதுவாக எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.