கணவாய் மையும் மாதா நீலமும்

அடம்பன் சந்தியை விட்டு நடக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. பஸ் வரவில்லை. வெயில் வந்துவிட்டது. தோளில் துணிப்பை. சட்டைப்பையில் இரண்டு சின்னப் போத்தல்கள் — ஒன்றில் நீல மை, மற்றதில் சிவப்பு மை. பிரிண்டருக்கு நிரப்புகிற மை.

வேலையை விட்டுப் போகும்போது சிலருக்கு மாலை போடுவார்கள். சிலருக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். எனக்கு மை.

கொடுத்தவர் றவூப் நானா. அடம்பனில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருப்பவர். அவரிடம் மூன்று வாரம் வேலைக்கு நின்றேன். இந்தப் பிரிண்டர் மை குடிக்கிற குடிக்கு ஒரு மாட்டைக் கட்டி வளர்த்திருக்கலாம் என்று முதல் நாளே புலம்பினார். "அதை என்னட்ட விடுங்கோ நானா" என்றேன். செட்டிங்கில் போய் 'டிராஃப்ட்' என்பதை அழுத்திவிட்டேன். அப்படிச் செய்தால் பிரிண்டர் பாதி மையோடு வேலையை முடித்துவிடும். எழுத்து கொஞ்சம் மெலியும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு விவசாயி திரும்பி வந்தார். மாடுகளைப் பதிவதற்கான விண்ணப்பம். என் கையால் அடித்துக் கொடுத்தது. அரசாங்கக் கந்தோரில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில மாடு எங்க, ஆள் எங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அவர் பஸ்ஸுக்குக் கொடுத்த காசு, நான் மிச்சம் பிடித்த மையின் விலையைப் போலப் பல மடங்கு. கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். வரிசையில் நின்ற இரண்டு பேர் மெல்ல எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள்.

றவூப் நானா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

"தம்பி, நீர் மையை மிச்சம் பிடிச்சீர். ஒத்துக்கொள்ளுறன். இப்ப கடையில மை மட்டும்தான் மிச்சம்... சனம் இல்ல" என்றார். பிறகு இந்த இரண்டு போத்தலையும் எடுத்துத் தந்தார். "இங்க ஆரும் கலர்ல கேக்கிறேல்ல. கொண்டு போம். கறுப்பை மட்டும் வச்சிட்டுப் போம்."

எனக்கு வேலை போவது புதிதல்ல. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மூன்று பள்ளிக்கூடம் மாறி, எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிரிண்டர் பழகியதே ஐந்து கடைகளில். அதாவது, ஐந்து கடைகளிலிருந்து புறப்பட்டிருக்கிறேன் என்றும் சொல்லலாம்.

உயிலங்குளத்தில் ஒரு பஸ் கிடைத்தது. மன்னாரில் இறங்கி, தலைமன்னார் பஸ்ஸில் ஏறினேன். அங்கே என் சினேகிதன் அன்ரன் இருக்கிறான். முன்னொரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே மீன்பிடி வள்ளத்தில் கூலிக்குப் போனவர்கள். இப்போது அவனுக்குச் சொந்த வள்ளம், மனைவி ஜெசிந்தா, வீட்டில் ஒரு பிரிண்டர். எனக்கு... சரி, இரண்டு போத்தல் மை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து யோசித்தேன். பிரிண்டர் வாங்கப் போகிறபோது நாம் என்ன கேட்கிறோம்? பிரிண்டரின் விலை. மையின் விலையைக் கேட்கிறோமா? மாட்டை வாங்கும்போது அது எவ்வளவு தின்னும் என்று கேட்கத் தெரிந்த நாம், இதில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு வருகிறோம்?

உங்களில் சிலர் வீட்டுப் பிரிண்டரை வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிடுவீர்கள் — கரண்ட் மிச்சம் என்று. திரும்பப் போடும்போதெல்லாம் அது கரகரவென்று தொண்டையைச் சரிசெய்யும் அல்லவா? அப்போது குடிப்பதும் உங்கள் மையைத்தான். 'மை குறைந்துவிட்டது' என்று திரையில் வந்ததும் பதறுவீர்கள். பதறாதீர்கள். பசிக்கு முன்பே அழுகிற பிள்ளை அது. இன்னும் பல பக்கம் அடிக்கும். கலரே தேவைப்படாத வீடாக இருந்தாலும் கிழமைக்கு ஒரு தாளையாவது கலரில் அடியுங்கள். இல்லாவிட்டால் எங்கள் கரைக் காற்றுக்கு மை காய்ந்து வாயை அடைத்துவிடும். தடித்த எழுத்தை விட்டு மெல்லிய எழுத்தை எடுங்கள். டிராஃப்ட்? உங்கள் சொந்தப் பார்வைக்கு மட்டும். மாடு கந்தோருக்குப் போவதாக இருந்தால் வேண்டாம்.

இப்படிப் பெரிய ஞானியாகத்தான் தலைமன்னாரில் இறங்கினேன். அன்ரன் வீட்டுப் படலையைத் திறந்தால் — ஏழு பூனை.

முற்றம் முழுவதும் தாள்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். கற்களுக்கு இடையில் பூனைகள். ஒரு பூனை தாளை நக்கிக்கொண்டிருந்தது. அன்ரன் விறாந்தையில் கதிரையின் நுனியில், பொலிஸில் பிடித்து வைத்த ஆளைப் போல இருந்தான்.

"வாங்கோ அண்ணை!" என்றாள் ஜெசிந்தா. கையில் விளக்குமாறு. "நல்ல நேரத்திலதான் வந்தீங்கள். உங்கட சினேகிதர் செய்த வேலையைப் பாருங்கோ!"

ஒரு தாளை எடுத்தேன். மாதா பாட்டு. எழுத்தெல்லாம் பழைய கல்யாணப் போட்டோ மாதிரி மண்ணிறம். நடுவில் வெள்ளைக் கோடுகள். கடைசி இரண்டு பாட்டும் இல்லவே இல்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனேன். தூர எடுத்துவிட்டேன்.

"இதென்ன மை, அன்ரன்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "கணவாய்."

நடந்தது இதுதான். கரையிலிருக்கும் சின்ன மாதா கோயிலுக்கு அன்று பின்னேரம் ஐந்து மணிக்குத் திருநாள் கொடியேற்றம். அதற்கு எண்பது பாட்டுத்தாள் அடிக்கிற ஓடர் முதன்முதலாக ஜெசிந்தாவுக்குக் கிடைத்திருந்தது. பிரிண்டர் அவள் சீட்டுக் காசில் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து வீட்டில் வழக்கு: அந்தக் காசுக்கு வலை வாங்கியிருக்கலாம் என்று அன்ரன். கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். திருநாள் ஓடர் சரியாகப் போனால் பிரிண்டர் வீட்டில் நிற்கும். பிசகினால், விற்று வலை.

முந்திய நாள் கறுப்பு மை முடிந்துவிட்டது. மை வாங்க மன்னாருக்குப் போகவேண்டும். அன்ரன் யோசித்திருக்கிறான். வள்ளத்தில் வருகிற கணவாயில் தினமும் வாளிக்கணக்கில் மை மணலில் போகிறதே! காலையில் ஜெசிந்தா பூசைக்குப் போன நேரம் பார்த்து, கணவாய் மையை மூன்று தரம் துணியில் வடித்து, ஊசியால் கறுப்புக் காட்ரிட்ஜுக்குள் ஏற்றிவிட்டான். வந்து பார்த்து அதிசயப்படட்டும் என்று.

அதிசயப்பட்டாள்.

"பன்னிரண்டு தாள் வந்தது, மச்சான்" என்றான் அன்ரன், கொஞ்சம் பெருமையாக. "பதின்மூண்டாவதிலதான் மூச்சை விட்டது."

"வேணுமெண்டு செய்தவர், அண்ணை!" ஜெசிந்தாவின் குரல் உடைந்தது. "வலை வாங்கத்தான் இவ்வளவும்! இந்த ஓடர் போச்செண்டால் இனி ஆர் என்னட்ட ஒரு தாள் தருவினம்?"

"மாதாமேல சத்தியமா இல்லை! உனக்கு மை மிச்சம் பிடிக்கத்தானடி... அவனைக் கேள். அவன்தானே சொன்னவன்!"

நான் சொன்னேனா?

"உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு, இந்தக் கதிரையில இருந்துதானே சொன்னனீ? 'மை என்ன பெரிய மை, கணவாய் வயித்திலயும் இதுதான் கிடக்கு' எண்டு?"

ஓம். சொன்னேன். ஜெசிந்தாவுக்கு ஊசியால் மை நிரப்பக் காட்டிக் கொடுத்துவிட்டு, வயிறு நிறையக் கணவாய்ப் பிரட்டலும் சாப்பிட்டுவிட்டு, அந்த உற்சாகத்தில் சொன்னது. சொன்னவன் மறந்துவிட்டான். கேட்டவன் வடிதுணி எடுத்துவிட்டான்.

இப்படி ஒரு வீட்டுக்குள் வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அடுத்த பஸ் எப்போது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஜெசிந்தா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். மணி ஒன்றரை. பாட்டுக்குழுவை நடத்துகிற கிளாரா டீச்சர் தாள்களை எடுக்க நாலரைக்கு வருவார்.

துணிப்பையை இறக்கி வைத்தேன்.

கறுப்புக் காட்ரிட்ஜைக் கழற்றினேன். உள்ளே வெல்லப்பாகு மாதிரி இறுகிப்போய் இருந்தது. அதைத் துணியில் சுற்றி முற்றத்தில் வைத்தேன். பூனைகள் ஆளுக்கொரு பக்கமாகக் காவலுக்கு இருந்தன. கறுப்பு இல்லை என்று திரை முறைப்பாடு வைத்தது. 'ஓகே'யை அழுத்தினால், இந்த வகைப் பிரிண்டர் கலர்க் காட்ரிட்ஜை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யும். இது ஐந்து கடைகளில் அலைந்ததில் தெரிந்தது. கலர்க் காட்ரிட்ஜில் மை அடியில்தான் இருந்தது. சட்டைப்பையில் கை வைத்தேன். நீலம், சிவப்பு. இரண்டையும் ஊசியால் ஏற்றினேன். றவூப் நானாவுக்கு மனதுக்குள் ஒரு சலாம்.

"எழுத்தைக் கறுப்பில விட்டால் மூண்டு கலரையும் கலந்து குடிச்சு முடிச்சிடும், தங்கச்சி. மஞ்சள் என்னட்ட இல்லை. எல்லாத்தையும் கடும் நீலமா மாத்துங்கோ. எழுத்தையும் மெல்லிசாக்குங்கோ. அந்தப் பூவேலைக் கரையையும் எடுங்கோ, அதுதான் கூடக் குடிக்கும்."

"மாதா பாட்டை நீலத்திலயா? டீச்சர் ஏசுவா, அண்ணை."

"வெறுந்தாளைக் குடுத்தால் ஏசமாட்டாவோ?"

முதல் தாள் வந்தது. நீலமா? இல்லை — ரோஸ். பெரியபிள்ளையான பெண்ணுக்குச் சாமத்திய வீட்டு அழைப்பிதழ் அடித்த மாதிரி பளபளவென்று. பல நாள் பாவிக்காததில் நீலத்தின் வாய் காய்ந்து அடைத்திருந்தது. அன்ரன் சிரிக்கப் பார்த்தான். ஜெசிந்தா திரும்பினாள். அவன் சிரிப்பை விழுங்கினான்.

"சுடுதண்ணி" என்றேன். "கொதிக்கிறதில்லை, கை தாங்கிற சூடு."

அன்ரன்தான் ஓடினான். துணியை அந்தத் தண்ணீரில் நனைத்து, காட்ரிட்ஜின் வாயை அதன் மேல் வைத்துக் காத்திருந்தோம். துணியில் சிவப்பு ஊறியது. நீலம் வரவில்லை. இன்னொரு துணி. சிவப்பு. மணி மூன்றாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது துணியில்... ஒரு கடுகளவு நீலம். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு ஓடியது பாருங்கள்! தாள் வர வர அன்ரன் எடுத்து மடித்தான். மீன் பிடிக்கிற விரல், நன்றாகவே மடித்தது. எழுபதாவது தாளுக்கு மேல் நீலம் கொஞ்சம் மெலிந்தது. போத்தலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் ஊசியில் இழுத்து ஏற்றினேன். எண்பது முடிந்தபோது டீச்சரின் ஸ்கூட்டிச் சத்தம் படலையில் கேட்டது.

கிளாரா டீச்சர் ஒரு தாளை விரித்தார். கண்ணாடியை ஏற்றினார். பிறகு இறக்கினார்.

"ஆர் இதை நீலத்தில அடிக்கச் சொன்னது?"

அன்ரன் என்னைப் பார்த்தான். நான் பூனையைப் பார்த்தேன். ஜெசிந்தாதான் முன்னுக்கு வந்தாள். "நான்தான் டீச்சர்."

"மாதாவின்ர நிறம்" என்றார் டீச்சர். "இத்தனை வருசமா கறுப்பில அடிச்சு மரண அறிவித்தல் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாடினம். எனக்கேன் இது தோணேல்ல?" திருப்பி ஒருமுறை பார்த்தார். "நவநாள் செபம் ஒன்பது நாளைக்கும் வேணும், பிள்ளை. இதே நீலம். ஏலுமோ?"

"ஓம் டீச்சர்!"

டீச்சர் தாள்கட்டைத் தூக்கி மூக்கைச் சுருக்கினார். "இதென்ன, ஒரு மீன் வாடை?"

"கரைதானே டீச்சர்" என்றான் அன்ரன்.

கொடியேற்றத்தில் நான் கடைசியில் நின்றேன். கடற்காற்றில் எண்பது நீலத் தாள்கள் படபடத்தன. எனக்கு முன்னால் நின்ற அன்ரன், ஜெசிந்தாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "பிரிண்டரை விக்கிறேல்ல. பழைய வலையின்ர ஓட்டையைப் பொத்துவம்." அவள் பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் தன் தாளை அவன் பக்கமும் தெரியும்படி பிடித்தாள்.

மை மிச்சம் பிடிக்க எனக்குத் தெரிந்த வழியெல்லாம் மேலே சொல்லிவிட்டேன். ஒன்று விட்டுப்போயிற்று. வீட்டில் உள்ளவர்களை அதிசயப்படுத்தப் போகிறவர்கள், அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அதுதான் எல்லாவற்றிலும் மலிவான வழி.

அடுத்த நாள் விடிய அன்ரன் என்னைக் கணவாய் துப்பரவு செய்கிற வாடிக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆள் தேவையாம். பொறுப்பாக நின்ற அக்கா ஒரு சின்னக் கத்தியை நீட்டினார்.

"மைப்பை உடையப்படாது. ஒரு துளி பட்டாலும் வெள்ளைச் சதை கறுத்துப்போம், வாங்கிறவன் வேண்டாமெண்டு தள்ளிப்போடுவான். முந்தி என்ன வேலை செய்தனீங்கள்?"

"மை மிச்சம் பிடிக்கிற வேலை, அக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சரியான ஆள்தான். இருங்கோ."

இருந்தேன். முதல் கணவாயே கை வழுக்கி உடைந்தது — றவூப் நானாவிடம் சொல்லிவிடாதீர்கள்.