கழுத்துக் கறுப்பு

சுகாதாரப் பாடம் எடுக்கும் ஆசிரியைகளுக்கான பயிற்சியில் டொக்டர் அந்தப் படத்தைத் திரையில் போட்டபோது, கடித்துக்கொண்டிருந்த மாலு பணிஸைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு பிள்ளையின் பின்கழுத்து. மடிப்பில் கரிக்கை பட்டது மாதிரி ஒரு கறுப்புப் பட்டை.

"இத ஊத்தையெண்டு நினைக்காதீங்க. உடம்பு சீனியச் சமாளிக்க ஏலாமக் கஷ்டப்படுறதுக்கு இது ஓர் அடையாளமா இருக்கலாம். இப்படி ஒரு பிள்ளையக் கண்டா, தாய் தகப்பனுக்குச் சொல்லி இரத்தம் சோதிக்க அனுப்புங்க" என்றார்.

மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பேனையைத் தொடவில்லை. தேசிக்காயும் கடலை மாவும் போட்டு, தும்பால் தேய்த்து, "குமருப்புள்ளைக்கு ஒழுங்காக் குளிக்கத் தெரியாதா?" என்று இரண்டு வருடமாக நான் ஏசிக்கொண்டிருந்தது என் மகளின் கழுத்தைப் பார்த்துத்தான். தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததே தவிர, கறுப்புப் போகவில்லை. பிள்ளை அழுதாள். நான் விடவில்லை.

எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் பர்தாவோடு வருவார்கள். முகம் தெரியும், கழுத்துத் தெரியாது. பதினேழு வருடமாகப் படிப்பிக்கிறேன், ஒரு மாணவியின் பின்கழுத்தையும் நான் பார்த்ததில்லை. ஆகவே டொக்டர் சொன்ன "கண்டா" என்பது எங்களுக்குச் சரிவராது. நாங்கள் வாயால் சொன்னால்தான் பிள்ளைகள் வீட்டில் போய்க் கண்ணாடியில் பார்ப்பார்கள். அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

இரண்டு கிழமைக்குப் பிறகு பத்தாம் தரத்துக்கு அந்தப் பாடத்தை எடுத்தேன். என் மகளும் அதே வகுப்பு, இரண்டாவது வாங்கு. சோடாவை ஏசினேன், ரோல்ஸை ஏசினேன், தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவர்களை எழும்பி நிற்கச் சொன்னேன். "அடுத்த சந்தியில இரிக்கிற ரியூசனுக்கும் ஓட்டோவா? கால என்னத்துக்கு வச்சிரிக்கீங்க?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. படம் என் கோப்புக்குள்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை.

எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இடைவேளையில் பிள்ளைகள் பர்தாவைத் தூக்கி ஒருத்தி கழுத்தை ஒருத்தி பார்ப்பார்கள். பின்னேரத்துக்குள், "டீச்சர்ர மகளுக்குச் சீனி வருத்தமாம்" என்று ஊர் முழுக்கப் பரவிவிடும். நாளைக்கு மாப்பிள்ளை பேச வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்க முதல் அதைத்தான் விசாரிப்பார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது என் விஷயத்தில் அப்படியே சரி.

சோதிக்கவும் பயந்தேன். தவணைப் பரீட்சை முடியட்டும் என்றேன், நோன்பு முடியட்டும் என்றேன், பெருநாள் கழியட்டும் என்றேன். கட்டாரில் இருக்கும் அவளுடைய வாப்பாவிடமும் வாய் திறக்கவில்லை. அவள் ஒரு கோப்பை தண்ணீர் குடித்தால், அடுத்தது எப்போது குடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும். என்னை நானே தின்றுகொண்டிருந்தேன். ஆறு மாதம் இப்படிப் போனது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, "உடம்பு வைக்குது, சும்மா ஒரு சோதன" என்று மட்டும் சொல்லி, வெறும் வயிற்றோடு அவளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். எங்கள் கல்முனையில் இரத்தம் சோதிக்கும் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே தெரிந்த முகம் ஒன்று இருக்கும். அதனால் பஸ் ஏறி, ஒலுவில், அக்கரைப்பற்று எல்லாம் தாண்டி, திருக்கோவில் பக்கம் ஒரு தனியார் டொக்டரிடம் போனேன். முகத்தையும் மூடிக்கொண்டேன். வழக்கமாக நான் மூடுவதில்லை.

இரத்தம் கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, என்னைப் போலவே முகம் மூடிய ஒரு பெண் மகளோடு உள்ளே வந்தாள். மகளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வகுப்புப் பிள்ளை. எங்கள் வீட்டுக்கு மூன்றாம் குறுக்குத் தெரு.

என் மகளைக் கண்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "டீச்சர்!" என்றாள் பிள்ளை. தாய் மிரண்டுபோய் என் கையைப் பிடித்தாள்.

"அல்லாஹ்வுக்காக யாருக்கிட்டயும் கதைச்சிராதீங்க டீச்சர். ஊருக்குள்ள தெரிஞ்சா இவட வாழ்க்க போயிரும்."

அவளிடம் நான் கேட்க நினைத்ததும் அதையேதான். அவர்களும் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தபிறகு, தாய்மார் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு ஒரே வாங்கில் இருந்தோம். நடக்கவிடவேண்டிய பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி ஊர் கடந்து ஒளித்துக்கொண்டு வந்த எங்களை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

முதலில் எங்களைக் கூப்பிட்டார்கள். மகளுக்குச் சீனி எல்லையில் நிற்கிறது, இன்னும் வருத்தமாகவில்லை, சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்காக்கினால் திருப்பலாம் என்றார் டொக்டர். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தோம்.

அடுத்து அவர்கள் போனார்கள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது தாய் முகத்திரையைத் தூக்கிவிட்டிருந்தாள். யார் பார்த்தாலும் இனி என்ன என்பது போல இருந்தது அவள் முகம்.

"எல்லையத் தாண்டிட்டாம் டீச்சர். நாளையிலிரிந்து மருந்தாம். கழுத்துக் கறுத்தப்பவே கூட்டி வந்திருக்கோணுமாம். நான் ஊத்தையெண்டு நினைச்சித் தேய்ச்சிட்டு இரிந்திட்டன்." திரைக்கு மேலே தெரிந்த என் கண்களையே பார்த்தாள். "இவ சொன்னா, நீங்க சீனியப் பத்தி ஒரு முழுப் பாடம் எடுத்தீங்களாம். கழுத்தப் பத்தி ஒண்டும் சொல்லல்லியாம். உங்களுக்கும் இது தெரியாதா டீச்சர்?"

"தெரியாது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். அப்போதுதான் என் மகள் எனக்காக வாய் திறந்தாள்.

"ஓம் மாமி, எங்கட உம்மாவும் ஊத்தையெண்டுதான் என்னத் தேய்ச்சவ. தெரிஞ்சிருந்தா எங்களுக்குச் சொல்லாம இரிப்பாவா?"