சைதாப்பேட்டைத் தொட்டிக்கு ஆஸ்திரேலியா நிக்கல்

1. கனடாவில் ஸ்ட்ரைக்

கனடாவில் சுரங்கத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். சைதாப்பேட்டையில் என் தொட்டி நின்றது. அறுபதுகளின் கடைசியில் நடந்தது. அதற்கு முன் கனடா என்று ஒரு நாடு இருப்பதே எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பஃப் சக்கரத்தில் பாலிஷ் பிடிக்கும் கூலியாளாக ஆரம்பித்து, முப்பது வயதுக்குள் ஆற்றோரம் சொந்தமாக ஷெட் போட்டு நிக்கல் பிளேட்டிங் தொட்டி வைத்தேன். சைக்கிள் மணி, பூட்டு, ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல் என்று எது வந்தாலும் முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். தி.நகர் கடைக்காரர்கள் விரலால் தடவிப் பார்த்தே இது முனுசாமி தொட்டியில் தோய்ந்தது என்று சொல்வார்கள். நான் சொல்லவில்லை, அவர்கள் சொன்னது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தொட்டியில் பச்சை நிறத் தண்ணீர் இருக்கும். ஓரத்தில் நிக்கல் கட்டிகளைத் துணிப்பைக்குள் போட்டுத் தொங்கவிடுவோம். அதற்கு அனோடு என்று பெயர். நடுவில் சாமானைத் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தால், அனோடு கரைந்து சாமான்மேல் படியும். கரையக் கரையப் புது அனோடு போட வேண்டும். நம் நாட்டில் அன்று நிக்கல் எடுப்பதில்லை. அத்தனையும் கப்பலில் வர வேண்டும்.

பாரிமுனையில் எனக்கு நிக்கல் கொடுக்கிற கடைக்காரர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நிக்கலா? மறந்துடு நைனா. கனடாவுல ஸ்ட்ரைக்காம்."

"அது இன்னா ஊரு? எங்க கீது?"

"எங்க இருந்தா உனுக்கு இன்னா? அவன் குழியில எறங்கினாத்தான் உன் தொட்டில வேலை."

அந்த ஸ்ட்ரைக் முடிகிறவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் ஆட்கள் ஷெட் வாசலில் உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். நான் ஷெட்டுக்கும் ஆற்றுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சும்மா உட்கார்ந்து பழகாத உடம்பு. பிறகு நிக்கல் வந்தது, தொட்டியும் ஓடியது. ஆனால் அதற்கப்புறம் என் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. எங்கோ ஒரு நாட்டில் ஒருத்தன் குழியில் இறங்க மாட்டேன் என்றால் என் வீட்டு அடுப்பு அணையும் என்பதை எப்படி மறப்பது?

2. மயிலாப்பூர் வழி

சில வருஷம் கழித்துப் பெட்ரோல் விலை ஏறியது. வெளிநாட்டுப் பணம் இல்லை என்று சர்க்கார் இறக்குமதி லைசென்ஸைக் குறுக்கியது. மறுபடியும் அதே கடை, அதே பாதிக் கதவு. என் அனோடுகள் தேய்ந்துபோன சோப்பு மாதிரி மெலிந்துகொண்டு வந்தன.

மற்ற தொட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பஸ் ஏறி மயிலாப்பூர் போனேன். லஸ் பக்கம் வைத்தியநாதன் என்று ஒருவர். பித்தளைச் சாமான்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். முன்பின் பழக்கமில்லை. சிபாரிசும் இல்லை. நான் பிளேட்டிங் போட்ட ஒரு கத்தரிக்கோலை மட்டும் அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முனுசாமி, நன்னா கேட்டுக்கோ. சாமானை வெளியில அனுப்பறவாளுக்குத்தான் அதுக்கு ஈடா உள்ளே கொண்டுவர லைசென்ஸ். ஆஸ்திரேலியாவுல பார்ன்ஸ்னு ஒருத்தர் வாஷ்பேசினுக்குப் பித்தளைக் குழாய் கேட்டுண்டிருக்கார். அவரே அங்கே நிக்கலும் விக்கறார். நீ குழாய்க்கு பிளேட்டிங் போடு, நான் கப்பல் ஏத்தறேன். லைசென்ஸ் என் பேர்ல வரும், நிக்கல் உன் ஷெட்டுக்கு வரும்."

"ஆஸ்திரேலியாவுல ஸ்ட்ரைக் கிட்ரைக் உண்டா சார்?"

"எல்லா ஊர்லயும் உண்டு. ரெண்டு ஊர் ஒரே நாள்ல பண்ணாம இருந்தா சரி."

அந்த பதில்தான் எனக்குப் பிடித்தது. கனடா ஒன்று, ஆஸ்திரேலியா ஒன்று. இரண்டு வாசல்.

அந்த மாதம் ஒரு பெரிய ஓட்டலில் ஆஸ்திரேலியா வியாபாரக் குழு வந்து கூட்டம் போட்டது. வைத்தியநாதன் என்னையும் அழைத்துப் போனார். மேடையில் ஒவ்வொருவராக எழுந்து, இரண்டு நாடும் ஜனநாயக நாடு, இரண்டு நாடும் ஓட்டுப் போடுகிற நாடு, இரண்டு நாடும் கிரிக்கெட் ஆடுகிற நாடு என்று இங்கிலீஷில் பேசினார்கள். வைத்தியநாதன் என் காதில் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நிக்கல் எப்ப வரும்னு யாராவது சொன்னாங்களா சார்?"

"இன்னும் அந்த இடத்துக்கு வரல்லே. கிரிக்கெட்லயே நிக்கறா."

டீ நேரத்தில் பார்ன்ஸைக் காட்டினார். வெயிலில் சிவந்த முகம், பெரிய உடம்பு. கைகுலுக்கியபோது பார்த்தேன்: அவர் மணிக்கட்டிலும் விரல் இடுக்கிலும் கறுத்த தழும்பு. என் கையிலும் அதே இடத்தில் அதே தழும்பு. நிக்கல் தண்ணீரில் வருஷக்கணக்கில் கைவைத்தவனுக்கு வருகிற சொறி அது. அவரும் என் கையைப் பார்த்துவிட்டார். மேடையில் பேசிய அத்தனை பேச்சையும்விட அந்த ஒரு பார்வை எனக்கு நன்றாகப் புரிந்தது.

"ஜப்பான்காரன் கப்பல் கப்பலா வாங்கறான், உன் ஒரு பெட்டிக்கு நான் ஏன் மெனக்கெடணும்னு கேக்கறார்" என்றார் வைத்தியநாதன்.

"ஒர்த்தன்கிட்டயே வித்தா அவன் வச்சதுதான் வெலைன்னு சொல்லுங்க சார். என்னை மாதிரி நாலு பேர் கீறது அவருக்கும் நல்லது."

வைத்தியநாதன் சொன்னார். பார்ன்ஸ் சத்தம் போட்டுச் சிரித்தார். ஒரு மாதத்தில் திரும்பி வருகிறேன், குழாய்களை நானே பார்ப்பேன், பிடித்தால் நிக்கல், பிடிக்காவிட்டால் குட்பை என்று சொல்லிப் போனார்.

3. கோபால் செய்த காரியம்

என் மனைவியின் தம்பி கோபால் என்னிடம்தான் தொட்டி பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல உழைப்பாளி. ஆனால் என்னைவிடப் புத்திசாலி என்று நினைப்பு. அனோடு தீர்ந்துகொண்டே வருவதைப் பார்த்து அவனுக்கும் தவிப்பு.

அன்றைக்கு எட்டணா, நாலணாக் காசுகள் சுத்தமான நிக்கலில் வரும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

"மாமா, ஊர் பூரா பாக்கெட்ல நிக்கலைப் போட்டுக்கினு சுத்தறான். நாம இன்னாடான்னா ஆஸ்திரேலியாவைப் பாத்துக்கினு கீறோம்."

"டேய், அதுல சிங்கம் போட்டு கீதுடா. உள்ள போனா கம்பி எண்ணணும். வாயை மூடிக்கினு வேலையப் பாரு."

அவன் வாயை மூடிக்கொண்டான், கையை மூடவில்லை. பாண்டி பஜார் பிளாட்பாரக் கடைகளிலும் பஸ் கண்டக்டர்களிடமும் நோட்டைக் கொடுத்துக் காசாக மாற்றி, எனக்குத் தெரியாமல் அனோடுப் பைகளுக்குள் திணித்துவிட்டான். முதலில் குழாய்கள் அற்புதமாக வந்தன. பாதி வேலை முடிந்தது. மெலிந்த அனோடிலும் வேலை வாங்குகிற கை என் கை என்று நான் பக்கத்து ஷெட்காரனிடம் சொன்னதும் உண்டு.

பார்ன்ஸ் வருவதற்கு முந்தின நாள் காலை, தொட்டியிலிருந்து எடுத்த குழாய்களின் கழுத்து மடிப்பில் கறுப்பு. துடைத்தால் போகவில்லை. அடுத்த வரிசையிலும் கறுப்பு. அப்படிக் கறுத்தால் தண்ணீரில் செம்பு கலந்திருக்கிறது என்று அர்த்தம். என் தொட்டிக்குள் செம்பு எப்படி வந்தது?

அனோடுப் பையைத் தூக்கினேன். கனமாக இருந்தது. கவிழ்த்தேன். காசுகள் கொட்டின, ஓரமெல்லாம் அரித்துப்போய், பாதி சிங்கத்தோடு.

"இன்னாடா இது?"

கோபால் தரையைப் பார்த்தான். "சுத்த நிக்கல்தான் மாமா. காந்தம் வச்சிப் பார்த்தேன். ஒட்டிச்சி."

"எல்லாத்தையும் பாத்தியா?"

"மொதல்ல மாத்தினதைப் பார்த்தேன்."

காந்தத்தை எடுத்துவரச் சொன்னேன். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். சில காசுகள் ஒட்டின. சில அசையவே இல்லை. சர்க்கார் புதிதாக அடித்த காசுகளில் முக்கால்வாசி செம்பு. நிக்கல் கஷ்டம் சர்க்காருக்கும் இருந்திருக்கிறது! எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

கோபால் அழ ஆரம்பித்தான். "அடி மாமா, ரெண்டு அடி அடிச்சிடு."

"உன்னை அடிச்சா செம்பு வெளிய வருமா? போய் நெளிவு போட்ட தகடு கொண்டா."

செம்பை வெளியே எடுக்க ஒரே வழிதான். நெளிநெளியான இரும்புத் தகடுகளைச் சாமான் இடத்தில் தொங்கவிட்டு, கரண்டை மிகவும் குறைத்து வைக்க வேண்டும். செம்பு மெதுவாக வந்து தகட்டில் கறுப்பாகப் படியும். அவசரப்பட்டால் நடக்காது. என்னைப் போன்ற ஆளுக்கு அதுதான் தண்டனை. கறுத்த குழாய்களை மறுபடி பஃப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நிக்கல் கிடைக்காவிட்டால் சீட்டாட்டம்கூட இருக்காது. ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

4. தகடு தொங்கியது

மறுநாள் வைத்தியநாதன் முதலில் வந்தார். தொட்டியைப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன முனுசாமி இது, இழவு வீட்டுத் துணி மாதிரி கறுப்பா தொங்கறது? எடுத்து உள்ளே போடு. அவர் கார் திரும்பிண்டிருக்கு."

"எடுத்தா செம்பு உள்ளயே நின்னுடும் சார். மிச்சக் குழாய் அவ்ளோதான்."

"மிச்சத்தை அப்பறம் பாத்துக்கலாம். நல்லதைக் காமிச்சு இன்னிக்குத் தப்பிச்சுக்கோ."

எடுக்கலாமா என்று என் கை இரண்டு தரம் தகட்டுக்குப் போனது. மூன்றாம் தரம் போவதற்குள் பார்ன்ஸ் வாசலில் நின்றார்.

நல்ல குழாய்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் அவற்றைப் பார்க்காமல் நேரே தொட்டிக்கு வந்தார். தகட்டைத் தூக்கினார். கறுப்பை நகத்தால் சுரண்டினார். ஒரு வார்த்தை சொன்னார். இங்கிலீஷ் தெரியாத எனக்கும் அது புரிந்தது. காப்பர்.

வைத்தியநாதன் ஏதோ நீளமாகப் பேச ஆரம்பித்தார். இது எங்கள் ஊர் வழக்கம் என்கிற மாதிரி இருந்தது. நான் குறுக்கே போய், அரித்த காசைப் பார்ன்ஸ் உள்ளங்கையில் வைத்தேன். பக்கத்தில் காந்தத்தையும் வைத்தேன். கோபால் தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

பார்ன்ஸ் காந்தத்தைக் காசிடம் கொண்டுபோனார். காசு அசையவில்லை. அவர் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு!

வைத்தியநாதனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அவா ஊர்ல காசு எல்லாம் செம்பு கலந்ததுதானாம். காசைத் தொட்டியில போடற ஆசை வந்தாலும் தீத்துக்க வழியில்லேங்கறார்."

ஆனால் சிரித்ததோடு விடவில்லை. வரிசையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, ரம்பம் கேட்டு வாங்கிக் குறுக்கே அறுத்தார். பிளேட்டிங் உரிகிறதா என்று பார்க்கிற சோதனை அது. உரியவில்லை. என் வேலை உரியாது. இன்னொன்றை அறுத்தார். அதுவும் உரியவில்லை.

முடிவாக அவர் சொன்னது இது: நல்ல பாதியை இந்தக் கப்பலில் ஏற்றலாம். மீதி அடுத்த கப்பலுக்கு, தண்ணீர் சுத்தமான பிறகு. பாதிச் சாமானுக்குப் பாதி லைசென்ஸ்தான். நிக்கலும் பாதிதான் வரும்.

"நான் உன்னைத் தகட்டை எடுக்கச் சொன்னேனே, எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு கேட்டேன்" என்றார் வைத்தியநாதன், கார் போன பிறகு.

"இன்னா சொன்னாரு?"

"தகட்டுலேர்ந்து உதிர்ந்த கறுப்பு தொட்டி ஓரத்துல ஒட்டிண்டிருந்ததாம். எப்படியும் கண்டுபிடிச்சிருப்பாராம். குட்பைதானாம்."

5. பட்டினப்பாக்கத்தில்

குழாய்கள் போய்விட்டன. நிக்கல் வர வேண்டும். தொட்டி கடைசி அனோடுத் துண்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போய்விடுவேன். தூரத்தில், துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் கப்பல்கள் நிற்கும். எது ஆஸ்திரேலியாக் கப்பல் என்று கரையிலிருந்து யாருக்குத் தெரியும்? ஆனாலும் நிற்பேன்.

மீன் விற்கிற அம்மா ஒருத்தி தினமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, டெய்லி வந்து கடலையே மொறைக்கிற? மாமனார் கப்பல்ல வர்றாரா?"

"நிக்கல் வருதும்மா."

"அது இன்னா மீனு?"

"திங்கற மீன் இல்லம்மா."

"அப்ப எதுக்கு நிக்கிற? வஞ்சிரம் வாங்கிக்கினு போ. உன் நிக்கலு வர்ற நேரத்துக்கு வரும்."

வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போவேன். அந்தக் காலத்தில் என் வீட்டில் மீன் இல்லாத நாளே இல்லை.

ஒருநாள் வந்தது. ஒரே ஒரு மரப்பெட்டி, மாட்டு வண்டியில். ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆணியைப் பிடுங்கிப் பலகையைத் தூக்கியதும், யாரும் தொடுவதற்கு முன் கோபால் இடுப்பிலிருந்து காந்தத்தை எடுத்தான்.

"ஒட்டுது மாமா!"

ஷெட்டே சிரித்தது. ஒவ்வொரு கட்டியாக வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒட்டின. அடியில் வைக்கோலுக்குள் ஒரு சின்ன காகிதப் பொட்டலம். பிரித்தான். ஒரு வெள்ளைக் காசு. ஒரு பக்கம் அவர்கள் ராணி, மறுபக்கம் வாத்து மூக்கு வைத்த ஏதோ ஒரு பிராணி. கோபால் காந்தத்தை வைத்தான்.

"மாமா, இது ஒட்டல."

பார்ன்ஸ் வேலை! நான் அன்று சிரித்த மாதிரி அப்புறம் சிரித்ததில்லை.

இன்று எனக்கு மூன்று ஷெட். நிக்கல் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று என் பிள்ளைகள் போனிலேயே பேசிவிடுகிறார்கள். தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சரக்குக்கு இரண்டு நாட்டு வாசல் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நட்பு என்று பேசுவார்கள், பேசட்டும். ஆனால் பெட்டி வருவது, உங்கள் தொட்டியில் கறுத்த தகடு தொங்கும்போது அதை மறைக்கிறீர்களா என்பதைப் பார்த்துத்தான். கப்பல் வருகிறவரை தூக்கம் வராது. அதற்கு மருந்து எனக்கும் தெரியாது.

அந்த ஆஸ்திரேலியாக் காசு இன்றும் முதல் தொட்டிக்கு நேர் மேலே ஆணியில் தொங்குகிறது. கோபால்தான் ஓட்டை போட்டு மாட்டினான். தலைக்கு நரை வந்த பிறகும், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறான்.