ரப்பர்க் கடிவாளம்

ஜப்பான் படைக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது காரைக் கொண்டுபோனார், குதிரையை விட்டுவிட்டுப் போனார். மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அப்பாதான் குதிரைக்காரர். அடுத்துப் பங்களாவுக்கு வந்த ஜப்பான்காரத் துரைக்குச் சவாரி ஆசை. ஆனால் கடிவாளத்தின் இரும்பு மட்டும்தான் மிச்சம். தோல் பூஞ்சை பிடித்து, தொட்டால் உதிர்ந்தது. திங்கட்கிழமைக்குள் குதிரை தயாராகாவிட்டால் அப்பாவுக்கும் சயாமுக்கு ஆள் ஏற்றும் லாரியில் இடம் என்று தோட்ட ஆபீஸ் கிராணி சொல்லிவிட்டுப் போனார். அங்கே ரயில் பாதை போடப் போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று பெரியவர்கள் எங்கள் காதில் விழாமல் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

தோலுக்கு எங்கே போவது? நார்க் கயிறு குதிரையின் முகத்தை அறுக்கும், கோணிச் சாக்கு இழுத்தால் பிரியும் என்று அப்பா ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில் அவர் பார்வை மாமாவின் தவிலில் போய் நின்றது. அம்மாவின் தம்பியான மாமா எங்கள் கோயில் தவில்காரர். தவிலை இழுத்துக் கட்டியிருந்ததெல்லாம் எண்ணெய் குடித்த நல்ல எருமைத்தோல் வார்.

மாமா முந்திக்கொண்டார்.

“ரப்பர் இருக்கும்போது தோல் எதுக்கு மச்சான்? நான் செஞ்சு தாரேன்லா!”

ரப்பரால் ஆகாதது எதுவுமில்லை என்று தோட்டத்தில் எல்லோரும் நம்பினோம். செருப்பும் ரப்பர்தான், இரவில் எரித்த விளக்கும் ரப்பர்தான். மாமா ரப்பர் ஷீட்டை வெட்டிப் பின்னிய கடிவாளம் பளபளவென்று அவ்வளவு அழகாக இருந்தது. அவரே குதிரைமேல் ஏறிப் பவனி வந்தார். வெயில் ஏறியது, ரப்பர் இளகியது. நிறுத்துவதற்காக இழுத்தார், வார் நீண்டது. இன்னும் இழுத்தார், இன்னும் நீண்டது. மாமா குதிரையின் முதுகில் மல்லாந்தே விட்டார். குதிரையோ தன்பாட்டுக்கு எங்கள் மரவள்ளிக் கொல்லைக்குள் நுழைந்து, அவரை மண்ணில் சரித்துவிட்டு மேயத் தொடங்கியது. லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“தொர இப்படி விழுந்தா என் தல தப்புமா, மாப்ள?”

மாமா எழுந்தார். மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய், யாரையும் தொடவிடாத அந்தத் தவிலை மடியில் வைத்து வார்களை அவிழ்க்க ஆரம்பித்தார். அன்று அம்மா தன் பங்குக் கிழங்கையும் அவர் தட்டிலேயே வைத்தாள்.

திங்கட்கிழமை துரை தோட்டத்தைச் சுற்றி வந்தார். இழுத்த இடத்தில் குதிரை நின்றது. அப்பாவின் வேலையும் நிலைத்தது.

அந்த வாரமே லாரி வந்தது. என் சிநேகிதியின் அப்பா அதில் ஏறிக் கையாட்டினார். சயாமில் மூன்று வேளையும் அரிசிச் சோறாம் என்று அவள் பீற்றிக்கொண்டாள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. எங்கள் அப்பாவைப் போகவிடாமல் கெடுத்த மாமாவோடு பல நாள் பேசாமல் இருந்தேன்.