ஃப்ளூட் நுனியில் ஒரு ஆமென்

எங்கள் சர்ச் கொயரில் பாஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவர்கள் ஐந்து பேர். நாலு பேர் சேர்ந்து ஆரம்பிப்பார்கள். ஐந்தாவது ஆள் அவர்களுக்கு முன்பே ஆரம்பித்திருப்பான். அது நான். கண்ணை மூடி உருகிப் பாடுவது என் வழக்கம். உருகுகிறவன் நடத்துகிறவர் கையைப் பார்ப்பானா?

அதே கொயரில் என் மனைவி ஃப்ளூட் வாசிக்கிறாள். வார நாட்களில் வேலைக்காக அவளுக்கு மல்காஜ்கிரியிலிருந்து ராமச்சந்திராபுரத்துக்குக் கம்பெனி பஸ். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. பாட்டுக்கு மெட்டுப் போடுவதெல்லாம் அந்த ஜன்னல் சீட்டில்தான். ஃபோனில் ஒரு கியூபாக்காரரை அவள் கண்டுபிடித்ததும் அங்கேதான். இளவயதில் நடனக் கூடங்களில் ஃப்ளூட் வாசித்தவர். பிறகு தானே இசை எழுதினார். பிறகு பெரிய வாத்தியக் குழுக்களை நடத்தினார். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை.

"பாருங்க, ரெண்டு கையும் வாத்தியத்துல. நுனியை ஒரு இறக்கு இறக்குறார், மொத்தக் கூட்டமும் உள்ள வருது."

"அவர் வீட்டம்மா பாஸ் பாடுறாங்களா?"

"இல்ல. அதான் முன்னேறிட்டார்."

அந்தச் சமயத்தில் கொயரை நடத்தியவர் மகனோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். அவர் இடத்தை என் மனைவி கேட்டாள். கமிட்டி செயலாளர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். ஒரு தண்டவாளத்தில் ஒரு வண்டிதான் என்பது அவர் கொள்கை.

"ஏம்மா, நடத்துறதுன்னா ஃப்ளூட்டைக் கீழ வச்சிரு. ரெண்டும் ஒரே ஆளால ஆகாது."

"அறுப்பின் பண்டிகைக்கு என் பாட்டு ஒண்ணு, நானே வாசிச்சு நடத்துறேன் அங்கிள். சரியா வரலைன்னா வச்சிடறேன்."

அவள் எழுதிய பாட்டின் நடுவில் எல்லோரும் சட்டென்று நிற்க வேண்டும். நாலு எண்ணிக்கை முழு மௌனம். பிறகு பாஸ் மட்டும் தனியாக. மழைநாளில் மூடியில்லாத மேன்ஹோல் மாதிரி ஒரு மௌனம். பயிற்சியில் தினமும் தவறாமல் அதில் விழுந்தேன். தமிழ் புரிந்தும் இந்தியிலேயே பதில் சொல்லும் எங்கள் மகள், "அப்பா, ஆங்க்கே கோலோ!" என்று கத்துவாள். கண்ணைத் திறக்கச் சொல்கிறாளாம்.

பண்டிகை நாள். ஆல்டர் முன்னால் பூசணியும் வாழைத்தாரும் குவிந்திருந்தன. எங்களில் யாருக்கும் வயல் கிடையாது. நாங்கள் அறுத்ததெல்லாம் போவன்பள்ளி மார்க்கெட்டில். கண் டாக்டரிடம் போனவன் போல நான் இமைக்காமல் பாடினேன்.

மௌனம் வந்தது. ஒன்று. இரண்டு.

"ஆமென்!" என்றது சபை, ஒரே குரலில். பாட்டு முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். போதகர் ஐயர் எழுந்து மைக்கை நோக்கி வந்தார்.

வேறு யாராக இருந்தாலும் வாத்தியத்தைக் கீழே இறக்கியிருப்பார்கள். இவள் இறக்கவில்லை. ஃப்ளூட் உதட்டிலேயே, நேர்கோடாக. நாலு எண்ணிக்கை தாண்டி எட்டும் தாண்டியிருக்கும். ஐயர் பாதி வழியில் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். சபையில் ஒரு குழந்தைகூட அசையவில்லை. அந்த வெள்ளி நுனி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

நுனி இறங்கியது. ஐந்து குரலும் ஒன்றாக விழுந்தன. ஐந்தும்! அந்த ஆச்சரியத்தில் இரண்டாவது வரி எனக்கு மறந்தே போனது. நல்லவேளை, அதற்குள் அவள் ஃப்ளூட் எங்கள் தலைக்கு மேல் எகிறி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

வெளியே டீ குடிக்கும்போது செயலாளர் வந்தார். "ஏம்மா, நடுவுல அந்த ஆமென், அது பாட்டுலயே உண்டா?"

"உண்டு அங்கிள்." முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"நல்ல இடத்துலதான் வச்சிருக்கே." கொயர் அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஃப்ளூட்டைக் கீழே வைக்கும் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, பாட்டுத் தாளில் அந்த மௌனத்துக்கு மேல் "சபையார்: ஆமென்" என்று பென்சிலால் எழுதிச் சேர்த்தாள். கீழே பாஸ் வரிசைக்கு எதிரே, "கண் திறந்திருக்கட்டும்."

எனக்கென்றே இசையில் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. கியூபாவில் எத்தனை பேருக்கு அந்தப் பெருமை?