வித்தியாசம் இரண்டு டிகிரி

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அளவு அக்கா என்று பெயர். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றால், "நடந்தா, வண்டியிலயா?" என்பார். நாற்பது வேண்டும் என்றால், "நாற்பது என்ன?" என்பார். பக்கத்தில் அலகு இல்லாத எண் எண்ணே இல்லை, வெறும் வதந்தி என்பது அவர் கட்சி. ஐம்பதை நெருங்கும் வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பி. அவனுக்குப் பெண் பார்த்து முடித்து வைத்ததும் அக்காதான். "என் தம்பிக்கு இல்ல, எனக்காகத்தான் அவளைத் தேடினேன்" என்று சிரிப்பார். அது பாதி உண்மையும்கூட. நாத்தனாரும் தம்பி மனைவியும் அவ்வளவு ஒட்டுதலாக இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஆறு பேர் கொண்ட நிறுவனம் எங்களுடையது. குளிர்கிடங்கு, காளான் கொட்டகை, குஞ்சு பொரிப்பகம் போன்ற இடங்களில் வெப்பநிலையைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதினோம். பழைய எந்திரங்கள் ஃபாரன்ஹீட்டில் பேசும், புதியவை செல்சியஸில் பேசும். அதுவரை அவரவர் இடத்தில் அவரவர் பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்தோம். "ஆளாளுக்குப் பெருக்கினா ஆளாளுக்கு ஒரு சூடுதான் வரும்" என்று சொல்லி, அலகு மாற்றுவதற்கென்றே யாரோ எழுதி வைத்திருந்த லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, ஒன்றை அக்கா கொண்டுவந்தார். எண்ணையும் அலகையும் சேர்த்துக் கொடுத்தால் கேட்ட அலகில் திருப்பித் தரும்.

நிறுவவே மூன்று நாள் ஆயிற்று. எங்கள் சர்வர் கிழடு. இதைப் போட்டால் அதைக் கேட்டது, அதைப் போட்டால் இன்னொன்று படுத்துக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மூன்றாம் நாள் மதியம் நூறு செல்சியஸ் கொடுத்து இருநூற்றுப் பன்னிரண்டு ஃபாரன்ஹீட் வந்ததும் அக்கா கைதட்டினார். அந்த லைப்ரரியில் சொந்தமாகவும் அலகு சேர்க்கலாம். ஒரு தட்டு என்றால் நூற்றைம்பது முட்டை என்று எழுதி வைத்தார். நாற்பது தட்டு என்று கேட்டால் ஆறாயிரம் முட்டை என்றது. கண்ணாடிக் கடைக்காரரைக்கூட மேலே கூப்பிட்டுக் காட்டினார். சோதனைகள் இருபத்தாறு எழுதினார், எல்லாம் தேறிப் பச்சை காட்டின. அவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும் என்பது விதி. அந்த இன்னொருவன் நான். அளவு அக்காவின் கணக்கை நான் என்ன பார்ப்பது என்று படிக்காமலே 'சரி' போட்டேன்.

முதலில் மாட்டியது தம்பியின் குஞ்சு பொரிப்பகத்தில். இரண்டு தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டு மூன்றாவதாக அவன் தொடங்கியிருந்தது அது. ஃபாரன்ஹீட்டில் பேசும் பழைய எந்திரம். அதற்குள் முப்பத்தேழரை டிகிரி செல்சியஸ், அதாவது தொண்ணூற்றொன்பதரை ஃபாரன்ஹீட், இருக்கவேண்டும். அதுவரை தம்பி மனைவி அரைமணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே நீ ஓட வேண்டாம்மா. ரெண்டு டிகிரி வித்தியாசம் வந்தாலே சைரன் கத்தும், நிம்மதியா மத்த வேலையைப் பாரு" என்றார் அக்கா. சோதனைப் பொத்தானை அமுக்கினோம். தெருக்கோடி வரை கத்தியது. சைரன் எந்த வித்தியாசத்தில், எப்போது அடித்தது என்று பதிவு செய்யும் பகுதி மட்டும் பாக்கி. அதை எழுத வேண்டியவனும் நான்தான். அடுத்த வாரம் என்றேன்.

ஆறாயிரம் முட்டை அடைவைத்த பதினெட்டாம் நாள் பிற்பகலில் எந்திரத்தின் விசிறி நின்றது. தம்பி மனைவி பக்கத்து அறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு உள்ளே போனபோது முகத்தில் அனல் அடித்தது. நூற்றேழு ஃபாரன்ஹீட். ஓட்டுக்குள்ளேயே ஆறாயிரம் குஞ்சுகளும் செத்திருந்தன.

போன் வந்து நானும் அக்காவும் ஓடியபோது, "சைரன் அடிக்கவே இல்ல" என்றார் தம்பி மனைவி. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா அங்கேயே லேப்டாப்பைத் திறந்து இருபத்தாறு சோதனைகளையும் ஓட்டினார். பச்சை. சைரனை அமுக்கினார். கத்தியது. பிறகு என் காதுபடத் தம்பி மனைவியிடம் சொன்னார்: "அடிக்காம இருக்க வழியே இல்லையேம்மா. அசதியில கண் அசந்திருப்ப."

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. தூங்கி ஆறாயிரத்தைக் கொன்றவள் என்று ஆயிற்று. தம்பி அவரைத் தாய் வீட்டுக்கு அனுப்பினான். கூப்பிடும்போது வந்தால் போதும் என்றான். கூப்பிடவில்லை. அக்கா அலுவலகத்தில் பேசுவது குறைந்தது. யாராவது பத்து நிமிடம் என்றால், சரி என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது வாரம் கழித்து ஒருவழியாக அந்தப் பதிவுப் பகுதியை எழுதி முடித்தேன். கையில் இருந்தது தம்பியின் பொரிப்பக அமைப்புதான், அதிலேயே ஓட்டினேன். முதல் வரி திரையில் வந்தது. 'அனுமதித்த வித்தியாசம்: 35.6 ஃபாரன்ஹீட்.'

"அக்கா, இதைப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. இரண்டு செல்சியஸ் வெப்பநிலை என்றால் அது 35.6 ஃபாரன்ஹீட்தான். ஆனால் இரண்டு செல்சியஸ் *வித்தியாசம்* என்றால் வெறும் 3.6. வெப்பநிலையை மாற்றும்போது கூட்டுகிற முப்பத்திரண்டை வித்தியாசத்துக்குக் கூட்டக்கூடாது. லைப்ரரியில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, கையேட்டில் ஒரு பக்கமே உண்டு. அக்கா அதைப் படித்தும் இருந்தார். எழுதும்போது கை பழக்கத்தில் வெப்பநிலையின் பெயரைப் போட்டுவிட்டது. லைப்ரரி கேட்டதைக் கொடுத்தது. முப்பத்தைந்து டிகிரி ஏறினால்தான் அடிப்பேன் என்று சைரன் உட்கார்ந்திருந்தது. அந்த இருபத்தாறில் ஒரு சோதனைகூட வித்தியாசத்தைச் சோதிக்கவில்லை. நான் அந்த வரியை ஒருமுறை படித்திருந்தால் போதும். பதிவுப் பகுதியைச் சொன்ன வாரம் எழுதியிருந்தால் போதும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தின் இடத்தில் நாங்கள் இருவர் உட்கார்ந்திருந்தோம்.

முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "திருத்தியாச்சுல்ல? விடுங்க. இப்பப் போய்ச் சொன்னா செத்த குஞ்சு எழுந்து நடக்குமா?"

"அவ நடப்பா சார்" என்றார் அக்கா. "அவ வீட்டுக்கு." பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் கூடப் போனேன்.

தம்பி மனைவியின் தாய் வீட்டில் முன்னறை முழுக்கத் துணி மூட்டை. சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நாற்காலியில் இருந்த துணியை அள்ளிக் கீழே வைத்தார். அக்கா உட்காரவில்லை.

"சைரன் அடிக்கலம்மா. நீ சொன்னதுதான் உண்மை. தப்பு என்னோடது. நான் எழுதுன ஒரு வரி."

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன் அண்ணி" என்றார். "யோசிச்சு யோசிச்சு, ஒருவேளை தூங்கித்தான் போனேனோன்னு எனக்கே ஆயிடுச்சு. போன மாசம் அவருக்குப் போன் பண்ணி, 'சைரன் அடிச்சுது, நான்தான் தூங்கிட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிட்டேன். சொன்னா கூட்டிட்டுப் போயிடுவார்னு. அதுக்கப்புறம் அவர் போனே எடுக்கறதில்ல."

அக்கா அப்போதே தம்பிக்குப் போன் போட்டார். அக்காவின் எண் என்பதால் எடுத்தான். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். மூச்சு விடாமல் சொன்னார். இரண்டு, 3.6, 35.6, தான் எழுதிய வரி, தன் தப்பு. நடுவில் நான் புகுந்து, "ஆமாங்க, நானும்தான் பார்க்காம விட்டேன்" என்றேன்.

தம்பி முழுதும் கேட்டான். பிறகு அவன் குரல் இளகியது.

"அக்கா, நீ இப்படித்தான் செய்வேன்னு எனக்குத் தெரியும். நீயா கணக்குல தப்புவ? அவளைக் கொண்டுவந்தது நீங்கறதுக்காக இந்தப் பழியை எதுக்கு உன் தலையில போட்டுக்கற? அவளே ஒத்துக்கிட்டா. விட்டுடு." வைத்துவிட்டான்.

அக்கா மறுபடி போட்டார். அணைத்து வைத்திருந்தான். மறுபடி போட்டார். நான்காம் முறை தம்பி மனைவி அந்தப் போனை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினார்.

"விடுங்க அண்ணி. உண்மையைச் சொன்னேன், நம்பல. பொய்யைச் சொன்னேன், நம்பிட்டார். இனிமே அவர்கிட்ட சொல்றதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"