மூன்று பேராய் நின்ற பாக்கியநாதன்

எங்கள் பாக்கியநாதனுக்கு வாசிக்க வராத பாட்டு கிடையாது. நாற்பது வருடமாகப் பினாங்கில் யார் பாட்டுப் பதிவு செய்தாலும் கிட்டாருக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் ஜெலுத்தோங்கில் ஒரு சீனர் ஸ்டூடியோவில் ஹொக்கியன் காதல் பாட்டு, மத்தியானம் மலாய் ராக், சாயங்காலம் தமிழ்க் குத்து. ஞாயிறு காலையில் மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு எங்களோடு வாசிப்பார். நான் அங்கே கீபோர்டு. "இந்த இடத்துல கொஞ்சம் அழுவுற மாதிரி" என்று சொன்னால் போதும், அவர் கிட்டார் அழுதுவிடும். பாடுகிறவருக்குத்தான் அழுகை வராது.

ஆனால் பாட்டுக் கேட்கிறவர்களில் ஆளை யாருக்கும் தெரியாது. பெயரும் அப்படித்தான். சீன முதலாளிக்குப் பாக்கியநாதன் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. சிடி அட்டையில் 'ஆ பாக்' என்று போட்டுவிட்டார். மலாய்க் குழு 'நாட் ஜெலுத்தோங்' என்று போட்டது. தமிழ் ஆல்பங்களில் 'பி. நாதன்'. மனிதர் எதையும் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்களோ என்ற பயம்.

அவருக்கு ஆசை என்று இருந்தது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை மேடையிலிருந்து அவரைக் கூப்பிட வேண்டும், அவர் எழுந்து நடந்து போக வேண்டும், அதை மோனிக்கா உட்கார்ந்து பார்க்க வேண்டும். மோனிக்கா அவர் மனைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடமாக அவர் வாசித்த கல்யாணங்களுக்கெல்லாம் போய், பாடகரின் முதுகுக்குப் பின்னால் தெரிகிற ஒரு முழங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

போன வருடம் தீவின் இசைச் சங்கம் ஒன்று, சிறந்த கிட்டார் கலைஞருக்கு விருது என்று அறிவித்தது. ரசிகர்கள் பெயர் அனுப்பலாம். பிறகு போனில் ஓட்டு. இறுதிப் பட்டியலில் நான்கு பெயர் வந்தது. ஆ பாக், நாட் ஜெலுத்தோங், பி. நாதன், விஸ்வலிங்கம். இந்த விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்து வழி வந்த பழைய கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. நாற்பது வருடமாக அதே ஆறு பாட்டை அதே மாதிரி, மெதுவாக வாசித்து வருகிறவர்.

சங்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று பெயரை அனுப்பியது மூன்று இனத்து ரசிகர்கள். மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று பினாங்கில் யாருக்குத் தோன்றும்?

பூசை முடிந்து வெளியே வந்ததும் மோனிக்கா கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, போய்ச் சொல்லிடுங்க. மூணும் நான்தான்னு சொன்னா ஒரே பேரா போட்டுடுவாங்க."

"உனக்குப் புரியல லா, மோனி. நாலு நம்பர் லாட்டரிக் கடையில ஒரு நம்பர் எழுதுறவனுக்குச் சான்ஸ் கூடவா, மூணு நம்பர் எழுதுறவனுக்கா? நாலு பேருல மூணு பேரு நான். எங்க சுத்தினாலும் நம்மகிட்டதான் விழும்."

"அது குலுக்கல். இது ஓட்டு. மூணா பிரிஞ்சிடும்."

"டீச்சர்கிட்ட பேச முடியுமா தம்பி?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் பட்டது. வாரம் தவறாமல் நாலு நம்பர் கடைக்குப் போகிறவன் நான். வேறு எப்படிப் படும்?

சனிக்கிழமை மத்தியானம் விழா. பாக்கியநாதன் புது பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியின் நுனிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க வசதியாக இருக்கும் அல்லவா? அறிவிப்பாளர் ஃபரா முடிவுகளைக் கடைசியிலிருந்து படித்தார். பி. நாதன் நூற்று எண்பத்தேழு. நாட் ஜெலுத்தோங் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஆ பாக் இருநூற்றுப் பன்னிரண்டு. விஸ்வலிங்கம் இருநூற்றுப் பதின்மூன்று.

விஸ்வலிங்கம் மேடைக்கு நடந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் ஆளும் தட்டினார். எனக்கு மனசு ஆறவே இல்லை. ஏறக்குறைய அறுநூறு பேர் ஒரு மனிதனுக்கு ஓட்டுப் போட்டு, அவரையே தோற்கடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நான். நான் போட்டது பி. நாதனுக்கு.

'நான்தான் சொன்னேனே' என்று மோனிக்கா சொல்லவில்லை. அது பெரிய மனசு. ஆனால் கணக்கு டீச்சரால் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா?

"ஒரே ஒரு ஓட்டுல போச்சுங்க," என்றார் மெதுவாக. "ஆமா, நீங்க உங்க ஓட்ட யாருக்குப் போட்டீங்க?"

பாக்கியநாதன் மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே விஸ்வலிங்கத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"விஸ்வலிங்கம் அண்ணனுக்கு."

"என்னது?"

"எப்படியும் நமக்குத்தானே வரப்போவுதுன்னு நெனச்சேன், மோனி. பாவம், பெரியவருக்கு ஒரு ஓட்டாவது விழட்டுமேன்னு..."